லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு ஒரு சலான்: சவூதிப் பெண்களின் கார் இயக்கம், 2011–2018

2011 ஜூன் 17, வெள்ளிக்கிழமை. ரியாத்தில் மஹா அல்கஹ்தானி என்ற பெண் கணவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு சுமார் முக்கால் மணி நேரம் காரோட்டினார். போக்குவரத்து போலீஸ் அவரை நிறுத்தியபோது, கடைசியில் கையில் கிடைத்தது ஒரு சலான். சவூதி லைசன்ஸ் இல்லாமல் வாகனம் ஓட்டினார் என்பதுதான் அதில் இருந்த குற்றம். பெண் காரோட்டினார் என்று எழுத போலீஸ்காரருக்கு எந்தச் சட்டப் பிரிவும் கிடையாது. அதே சமயம், அந்த லைசன்ஸுக்கு மஹா போய் நின்றாலும் கொடுக்கமாட்டார்கள்: அப்போது சவூதியில் பெண்களுக்கு அது கிடையாது.

இந்த இயக்கத்தை 'ஃபேஸ்புக் புரட்சி' என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் உண்டு. ஃபேஸ்புக்கும் யூடியூபும் ட்விட்டரும் இல்லாமல் இது நடந்திருக்காது என்பது சரிதான். ஆனால் அதே மாதங்களில் அதே தளங்களில் சவூதியில் தொடங்கிய வேறொரு முயற்சி ஒரே நாளில் படுத்துவிட்டது. இது ஏழு ஆண்டு தாக்குப்பிடித்தது. பங்கேற்கிறவரிடம் என்ன கேட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

தடை எங்கே இருந்தது

சவூதி போக்குவரத்துச் சட்டத்தில் ஓட்டுநர் ஆணாக இருக்க வேண்டும் என்ற வரி கிடையாது. தடை வேறு மூன்று இடங்களில் இருந்தது. முதலாவது, லைசன்ஸ் கவுன்டரில் பெண்ணின் விண்ணப்பத்தை வாங்கமாட்டார்கள். இரண்டாவது மதத் தலைமையின் ஃபத்வா என்ற மார்க்கத் தீர்ப்பு, மூன்றாவது உள்துறை அமைச்சகத்தின் அறிவிப்பு. பின்னவை இரண்டும் எழுத்தில் வந்ததே 1990 போராட்டத்துக்குப் பிறகுதான்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. சவூதிக்கு வந்து இறங்கிய அமெரிக்கப் படையில் பெண் சிப்பாய்கள் ராணுவ வண்டிகளை ஓட்டினார்கள். நவம்பர் 6 அன்று 47 சவூதிப் பெண்கள் ரியாத்தில் வரிசையாகக் கார்களை ஓட்டிச் சென்றார்கள். அவர்களைப் பிடித்து வைத்து, ஆண் உறவினர்களிடம் உறுதிமொழி எழுதி வாங்கிய பிறகுதான் விட்டார்கள். பாஸ்போர்ட்கள் பறிமுதலாயின, அரசு வேலையில் இருந்தவர்களுக்கு வேலை போயிற்று. அவர்களுடைய பெயர்களை வசைச் சொற்களோடு அச்சடித்த துண்டறிக்கைகள் மசூதிகளில் கைமாறின. ஊர்வலமாகப் போனதால் இது 'கூட்டம்' ஆனது. பெயர்ப் பட்டியல் எதிராளியிடம் போனதால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக நெரிக்க முடிந்தது. அடுத்த இருபது ஆண்டுக்கு யாரும் அந்த வழியில் போகவில்லை.

இடையில் 2007இல் பெண்ணுரிமை ஆர்வலர் வஜீஹா அல்ஹுவைதரும் தோழிகளும் ஆயிரத்துச் சொச்சம் கையெழுத்தோடு மன்னர் அப்துல்லாவுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். 2008 மார்ச் 8, மகளிர் தினத்தன்று வஜீஹா ஒதுக்குப்புறமான சாலை ஒன்றில் காரோட்டியபடி பேசி, அதை யூடியூபில் ஏற்றினார். உலகம் பார்த்தது. சவூதிக்குள் பெரிய அசைவு இல்லை. கிராமப்புறத்திலும் பாலைவனத்திலும் பெண்கள் ஓட்டுவதை எப்போதுமே கண்டும் காணாமல் விட்டுவந்தார்கள். நகரச் சாலையில் நடந்தால்தான் அது செய்தி.

கேட்டது என்ன

2011 மார்ச் 11ஆம் தேதியை 'சினத்தின் நாள்' என்று அறிவித்து ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு வந்தது. துனிசியாவும் எகிப்தும் கொந்தளித்து முடித்திருந்த நேரம். உள்துறை அமைச்சகம் முன்கூட்டியே எல்லா ஆர்ப்பாட்டங்களுக்கும் தடை போட்டது. அன்று ரியாத் தெருக்களை போலீஸ் நிரப்பியது, ஒரே ஒருவரைத் தவிர போராட்டக்காரர்கள் வரவில்லை. ஆயிரக்கணக்கான விருப்பக்குறிகளால் ஒரு கூட்டத்தைத் தெருவுக்கு இழுக்க முடியாது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இரண்டே மாதத்தில் அதே ஃபேஸ்புக்கில் பெண்கள் வைத்த அழைப்பு முற்றிலும் வேறு மாதிரி இருந்தது. ஜூன் 17 அன்று யாரும் எங்கும் கூட வேண்டாம். வெளிநாட்டு லைசன்ஸோ சர்வதேச லைசன்ஸோ உள்ளவர்கள் மட்டும் ஓட்டுங்கள். ஹிஜாப் அணியுங்கள், சாலை விதிகளை மீறாதீர்கள். தனியாக, உங்கள் ஊரில், உங்களுக்கு வேலை இருக்கிற இடத்துக்குப் போய்த் திரும்புங்கள். வழக்கறிஞர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததுபோல் இருக்கிறது இந்தப் பட்டியல். கூடினால் ஆர்ப்பாட்டத் தடை பாயும், தனியாகப் போனால் பாயாது. லைசன்ஸே இல்லாதவர் ஓட்டி ஓர் ஆளை இடித்துவிட்டால் இயக்கம் அன்றோடு முடியும், அமெரிக்க லைசன்ஸ் உள்ளவரிடம் அந்தப் பயம் குறைவு. ஹிஜாப் இருந்தால் ஒழுக்கக் கேடு என்ற வாதத்துக்குப் பிடி கிடைக்காது. மிச்சமிருப்பது 'பெண் ஏன் ஓட்டக்கூடாது' என்ற ஒற்றைக் கேள்வி. அதற்குத்தான் போக்குவரத்துச் சட்டத்தில் அரசிடம் பதில் இல்லை.

எத்தனை பேர் ஓட்டினால் வெற்றி என்று எண் வைக்காமல் விட்டதும் புத்திசாலித்தனம். அன்று நாடு முழுக்க ஓட்டியவர்கள் சில பத்துப் பேர்தான். ஊர்வலத்துக்கு அழைத்து நாற்பது பேர் வந்திருந்தால் கேலிக்கூத்தாகியிருக்கும். நாற்பது பேர் நாற்பது இடத்தில் ஓட்டியது நாற்பது செய்தியானது.

எட்டு நிமிட வீடியோ

இயக்கத்தின் முகமாக ஆனவர் மனால் அல்ஷரீஃப். 1979இல் மக்காவில் பிறந்தவர், சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அரம்கோவில் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. அப்போது தஹ்ரானில் அரம்கோ வளாகத்துக்குள் பெண்கள் காரோட்டலாம், வாசல் கேட்டைத் தாண்டினால் கூடாது. அமெரிக்காவில் இருந்தபோது எடுத்த லைசன்ஸும் கையில் இருந்தது, சொந்தக் காரும் இருந்தது. ஒரு மாலை டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்ப டாக்ஸி கிடைக்காமல் நடந்தபோது, கார்களில் வந்த ஆண்கள் தொந்தரவு செய்தார்கள். வீட்டில் நிற்கும் கார், பையில் இருக்கும் லைசன்ஸ், தெருவில் இந்த அவமானம். இந்த மூன்றையும் எந்தச் சவூதிக் குடும்பத்துக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மே 19 அன்று கோபர் நகரத்தில் மனால் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடித்தவர் வஜீஹா. எட்டு நிமிடத்துக்குச் சற்று கூடக் குறைய ஓடும் வீடியோ. முகத்தை மூடவில்லை, பெயரை மறைக்கவில்லை. மனால் கோஷம் எதுவும் போடவில்லை. சாலையைப் பார்த்தபடி, நிதானமாகப் பேசிக்கொண்டே போகிறார்: படித்துப் பேராசிரியர் ஆன பெண்ணுக்கும் கார் ஓட்டத் தெரியாது, அவசரத்துக்கு அவள் யாரைக் கூப்பிடுவாள்? வண்டி குலுங்கவில்லை, யாரும் மறிக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை. வீடியோவின் மொத்த வாதமும் இந்தச் சாதாரணத்தனம்தான். சில நாட்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அதைப் பார்த்துவிட்டார்கள்.

மே 21 அன்று மனால் மறுபடி ஓட்டினார். இந்த முறை காரில் அவருடைய சகோதரரும் இருந்தார். போலீஸ் நிறுத்தியது, இனி ஓட்டமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டது. விடிவதற்குள் வீட்டுக் கதவைத் தட்டிப் பிடித்துக்கொண்டு போனார்கள். தம்மாம் சிறையில் ஒன்பது நாள் வைத்திருந்து மே 30 அன்று விட்டார்கள். சகோதரரையும் பிடித்துவைத்தார்கள்.

கைதுக்குப் பிறகு உடைந்தவை

மனால் உள்ளே போன நேரத்தில் வீடியோவும் ஃபேஸ்புக் பக்கமும் காணாமல் போயின. ட்விட்டரில் இயக்கத்தின் கணக்கைப் போலவே நகல் எடுத்த கணக்கு ஒன்று முளைத்து, அழைப்பு கைவிடப்பட்டது என்ற தோற்றத்தைக் கிளப்பியது. தலைவர் சிறையில் இருக்கும்போது மறுப்புச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு அது. ஆதரவாளர்கள் வீடியோவின் பிரதிகளை வைத்திருந்தார்கள், வேறு கணக்குகளிலிருந்து ஏற்றினார்கள், விதிமுறைப் பட்டியலைத் தனியாகப் பதிந்து பரப்பினார்கள். 

இணையப் பிரசாரம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பக்கத்தின் சாவி ஒரே ஆளிடம் இருந்தால், அந்த ஆளைத் தூக்கினால் பக்கமும் போகும். மூலக் கோப்பு வேறு ஊரில், வேறு கையில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஜூன் 17 என்ற தேதியும் விதிமுறைகளும் முன்பே வெளியாகிவிட்டதால், மனால் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அந்த நாள் நடந்தே தீரும் என்றாகிவிட்டது.

எதிர்ப்பக்கமும் அதே ஃபேஸ்புக்கைப் பயன்படுத்தியது. தலைத்துணியைப் பிடித்து நிறுத்தும் இகால் என்ற கறுப்புக் கயிற்றால், ஜூன் 17 அன்று காரோட்டும் பெண்களை அடியுங்கள் என்று ஆண்களுக்கு ஒரு பக்கம் அழைப்பு விடுத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கும் விருப்பம் தெரிவித்தார்கள். அன்று தெருவில் இகால் அடி எதுவும் பெரிதாக நடக்கவில்லை. விருப்பக்குறி இந்தப் பக்கத்திலும் அவ்வளவு மலிவுதான்.

சவுக்கடியும் வழக்கும்

செப்டம்பர் 25 அன்று மன்னர் அப்துல்லா, 2015 நகராட்சித் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கலாம், போட்டியிடலாம் என்று அறிவித்தார். இரண்டே நாளில் ஜித்தாவில் ஷைமா ஜஸ்தானியா என்ற பெண்ணுக்குக் காரோட்டியதற்காகப் பத்துக் கசையடி என்று தீர்ப்பு வந்தது. அடுத்த நாளே மன்னர் அதை ரத்து செய்துவிட்டார் என்ற செய்தி ஓர் இளவரசியின் ட்வீட் வழியாக வெளியே வந்தது. நீதிபதி ஒரு பக்கம் இழுக்க, அரண்மனை இன்னொரு பக்கம் இழுத்ததை நாடே பார்த்தது.

அதோடு மனாலும் பெண்ணுரிமை ஆர்வலர் சமர் பதாவியும் பெரிதாகப் பேசப்படாத ஒரு வேலையையும் செய்தார்கள். லைசன்ஸுக்கு முறைப்படி விண்ணப்பித்தார்கள். கிடைக்காதபோது, அரசு அலுவலகங்களுக்கு எதிரான முறையீடுகளை விசாரிக்கும் திவான் அல்மஸாலிமில் 2012 தொடக்கத்தில் வழக்குப் போட்டார்கள். வழக்கு வெல்லும் என்று யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். ஆனால் மறுப்பதற்கு என்ன சட்டம் என்று அரசு தாளில் எழுதிக் காட்ட வேண்டிய நெருக்கடி வந்தது. வீடியோ பத்து நாளில் பழசாகிவிடும், நிலுவையில் இருக்கும் வழக்கு பழசாகாது.

2013: தேதியைக் கலைத்தல்

இரண்டாவது பெரிய சுற்று 2013 அக்டோபர் 26. இணையத்தில் வைத்த மனுவில் 16,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. தளத்தை ஹேக் செய்தார்கள். செப்டம்பர் இறுதியில் மார்க்க அறிஞர் சாலிஹ் அல்லுஹைதான், காரோட்டினால் பெண்களின் சினைப்பையும் இடுப்பெலும்பும் பாதிக்கப்படும் என்று பேட்டி கொடுத்தார். அரபு ட்விட்டர் அதைக் கொண்டாடித் தீர்த்தது. ஆயிரம் கட்டுரை செய்யாததை அந்த ஒற்றை வாக்கியம் இயக்கத்துக்குச் செய்து கொடுத்தது. அக்டோபர் 26 அன்று ஒரு சவூதி நகைச்சுவைக் கலைஞர் இதே தடையைக் கிண்டலடித்துப் பாடிய வீடியோ பல லட்சம் பேரைச் சென்றடைந்தது.

உள்துறை அமைச்சகம் இந்த முறை தொலைபேசியை எடுத்தது. ஏற்பாட்டாளர்களைத் தனித்தனியாக அழைத்து எச்சரித்தார்கள். 26ஆம் தேதிக்கு முந்தைய நாள் ஏற்பாட்டாளர்கள் சொன்னது: இனி 26ஆம் தேதி என்று ஒன்று இல்லை, எல்லா நாளும் ஓட்டும் நாள்தான். சிலர் இதைப் பின்வாங்கல் என்றார்கள். எங்கள் பார்வையில் இது சரியான முடிவு. ஒரு தேதிக்காக போலீஸைக் குவிக்கலாம், 365 நாளுக்கும் குவிக்க முடியாது. தேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்று சுமார் அறுபது பேர் ஓட்டியதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள்.

எல்லைச் சாவடி

2014 நவம்பர் இறுதியில் பெண்ணுரிமை ஆர்வலர் லுஜைன் அல்ஹத்லூல் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து தன் காரை ஓட்டிக்கொண்டு சவூதி எல்லைக்கு வந்தார். அமீரக லைசன்ஸ் வளைகுடா நாடுகள் எல்லாவற்றிலும் செல்லும். அப்படியானால், மஹாவுக்கு எழுதிய 'லைசன்ஸ் இல்லை' என்ற சலானைக்கூட இவருக்கு எழுத முடியாது. 2011இல் திறந்த ஓட்டையை லுஜைன் இன்னும் ஓர் அங்குலம் பெரிதாக்கினார். எல்லைக் காவலர்கள் விடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அவர் காரிலேயே இரவைக் கழித்தபடி ட்வீட் செய்துகொண்டிருந்தார். அவருக்கு உதவ வந்த மைசா அல்அமூதியும் மாட்டிக்கொண்டார். டிசம்பர் 1 அன்று இருவரையும் கைது செய்தார்கள்.

73 நாள் சிறை. வழக்கு போய்ச் சேர்ந்த இடம், பயங்கரவாத வழக்குகளுக்கென்று அமைத்த சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம். அங்கே விசாரணைக்கு வந்தவை அவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகள். கார் பேச்சிலேயே இல்லை. காரோட்டுவதைத் தண்டிக்க எழுதிய சட்டம் இல்லை, ட்வீட்டைத் தண்டிக்க இருக்கிறது: 2007ஆம் ஆண்டின் சைபர் குற்றத் தடுப்புச் சட்டம், பொது ஒழுங்கைக் குலைக்கும் இணையப் பதிவுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. சட்டத்தின் ஓட்டையைக் காட்ட இயக்கம் எந்தக் கருவியைக் கையில் எடுத்ததோ, அந்தக் கருவியிலேயே அரசு தன் சட்டத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. இதன் பிறகு நடந்ததெல்லாம் இந்த வழியில்தான்.

ஹவுஸ் டிரைவர் கணக்கு

தடை நீங்கியதற்குப் பெண்களின் போராட்டம் மட்டுமே காரணம் என்று எழுதினால் அது பொய். ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் 'ஹவுஸ் டிரைவர் விசா' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தெற்காசியாவிலிருந்து போன பல லட்சம் ஆண்கள் சவூதிக் குடும்பங்களில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரைவருக்கு விசாச் செலவு, மாதச் சம்பளம், தங்க அறை, இகாமா என்ற குடியிருப்பு அனுமதிக்கான கட்டணம், ஊருக்குப் போக டிக்கெட். வேலைக்குப் போகும் பெண்ணின் சம்பளத்தில் கணிசமான பங்கு இதற்கே போய்விடும். அந்தச் சம்பளத்தின் பெரும்பகுதி நாட்டை விட்டும் வெளியே போகும். எண்ணெய் விலை 2014இல் சரிந்த பிறகு இந்தக் கணக்கு குடும்பத்துக்கும் கசந்தது, அரசுக்கும் கசந்தது.

2016 ஏப்ரலில் வந்த 'விஷன் 2030' திட்டம் வேலை பார்க்கும் பெண்களின் விகிதத்தை உயர்த்த வேண்டும் என்றது. வேலைக்குப் போக வழி வேண்டுமே. அந்த ஜூனிலேயே சவூதியின் அரசு முதலீட்டு நிதி ஊபரில் 350 கோடி டாலர் போட்டது. அப்போது ரியாத்தில் ஊபர் பயணிகளில் பெரும்பாலோர் பெண்கள். பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானுக்கு உலகத்திடம் காட்ட ஒரு சீர்திருத்தமும் தேவைப்பட்டது. பெண்களின் இயக்கம் அந்தச் சீர்திருத்தம் எது என்பதை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது. எந்த நாட்டுப் பத்திரிகையாளர் சவூதி அமைச்சரைப் பார்த்தாலும் இரண்டாவது கேள்வி கார்தான் என்கிற அளவுக்கு.

2017 செப்டம்பர் 26 இரவு மன்னர் சல்மானின் ஆணையை அரசுத் தொலைக்காட்சியில் வாசித்தார்கள். அதே நேரத்தில் வாஷிங்டனிலும் அறிவித்தார்கள். நடைமுறைக்கு வரும் நாள் 2018 ஜூன் 24. ஆணை வந்த அன்றே இயக்கத்துப் பெண்கள் சிலருக்குத் தொலைபேசி வந்தது: இதைப் பற்றி ஊடகத்தில் எதுவும் பேசக்கூடாது. ஜூன் 4 அன்று முதல் லைசன்ஸ்கள் பத்துப் பெண்களுக்குக் கிடைத்தன.

கொடுத்ததும் பிடித்ததும்

ஜூன் 24க்கு ஆறு வாரம் இருக்கும்போது, மே 15 வாக்கில் கைது தொடங்கியது. லுஜைன், 1990 அணியில் ஓட்டிய தலைமுறையோடு தோளுரசிய பேராசிரியர் அஸீஸா அல்யூசுஃப், 2013 ஓட்டங்களைப் படம்பிடித்து எழுதிய ஈமான் அல்நஃப்ஜான், இன்னும் சிலர். அரசு சார்பு ஊடகங்கள் அவர்கள் படத்தின் மேல் சிவப்பில் 'துரோகி' என்ற முத்திரையோடு பரப்பின. 1990இல் மசூதியில் கைமாறிய துண்டறிக்கை இப்போது செல்போன் திரையில். ஜூலை இறுதியில் சமர் பதாவியும் உள்ளே போனார். முதல் சலானுக்குச் சாட்சியாக 2011இல் மஹாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் முகமது அல்கஹ்தானி, மனித உரிமைச் சங்கம் நடத்தியதற்காக 2013இலேயே பத்து ஆண்டு தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார்.

உரிமையைக் கேட்டு வாங்கியதாக இருக்கக்கூடாது, மேலிருந்து கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது கைதுகளின் செய்தி. லுஜைன் மீதான குற்றச்சாட்டுகளில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களோடும் தூதரகத்தாரோடும் பேசியது, ஐக்கிய நாடுகள் சபையில் வேலைக்கு விண்ணப்பித்தது ஆகியவை இருந்தன. சிறையில் மின்சாரம் பாய்ச்சியும் தண்ணீரில் அமுக்கியும் சித்திரவதை செய்தார்கள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள், அரசு மறுத்தது. 2020 டிசம்பரில் ஐந்து ஆண்டு எட்டு மாதம் என்று தீர்ப்பு, அதில் ஒரு பகுதி நிறுத்திவைப்பு. 2021 பிப்ரவரி 10 அன்று, 1,001 நாளுக்குப் பிறகு வெளியே வந்தார்.

தளத்துக்குள் இருந்த ஆள்

இந்த இயக்கத்தின் பாதுகாப்புக் கணக்கில் மிகப் பெரிய பிழை எங்கே என்று கேட்டால், நாங்கள் கைகாட்டுவது சான்பிரான்சிஸ்கோவை. ட்விட்டரில் வேலை பார்த்த அலி அல்ஸபாரா சவூதி அரசுக்காக 2015இல் 6,000க்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்களைத் திறந்து பார்த்தார் என்று அமெரிக்க வழக்கு சொல்கிறது. அவர் சவூதிக்குப் போய்விட்டார். அவரோடு குற்றம் சாட்டப்பட்ட அஹ்மத் அபுஅம்மோவை 2022 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோ நடுவர் குழு குற்றவாளி என்றது. புனைபெயர் வைத்துக்கொண்டால் போதும், வேறு படம் போட்டால் போதும் என்று எழுதிக்கொண்டிருந்தவர்களின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் நிறுவனத்தின் உள்ளேயே திறந்து கிடந்தன. கடவுச்சொல்லை எவ்வளவு நீளமாக வைத்தாலும் இதற்கு உதவாது. கணக்கு தொடங்கும்போதே சொந்த எண்ணைக் கொடுக்காமல் இருந்தால்தான் உண்டு.

அதே 2022 ஆகஸ்டில், பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்த சல்மா அல்ஷிஹாபுக்கு மேல்முறையீட்டில் 34 ஆண்டு சிறை விதித்தார்கள். பிறகு அது குறைந்து 2025இல் அவர் வெளியே வந்தார். அவர் இயக்கம் நடத்தவில்லை. சிறையில் இருந்த லுஜைனைப் போன்றவர்களுக்கு ஆதரவான பதிவுகளைப் பகிர்ந்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. தலைவர்களைத் தண்டித்து முடித்து, மறுபதிவு செய்கிறவர் வரை அரசு இறங்கி வந்திருந்தது.

லுஜைன் சிறையிலிருந்து வந்த பிறகு, தன் ஐஃபோனில் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு அதை டொராண்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களிடம் கொடுத்தார். மாதக்கணக்கில் தேடியதில், படக் கோப்பு போல வேஷம் போட்ட ஒரு கோப்பு உள்ளே தங்கிவிட்டிருந்தது. வேலை முடிந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வேண்டிய பெகாசஸ் உளவு மென்பொருள் விட்டுப்போன தடயம் அது. எதையும் தொடாமலே, எந்த இணைப்பையும் திறக்காமலே போனுக்குள் நுழையும் வழி அதிலிருந்துதான் பிடிபட்டது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்து, உலகத்தில் உள்ள எல்லா ஐஃபோன்களுக்கும் அப்டேட் அனுப்பியது.

லுஜைனை, தண்டனையோடு வந்த பயணத் தடைக்காலம் தீர்ந்த பிறகும் நாட்டை விட்டு வெளியே போக விடவில்லை. 2014இல் காரில் இரவைக் கழித்த அந்தச் சாவடி வரைக்கும் அவர் இப்போது தானே ஓட்டிக்கொண்டு போகலாம், யாரும் சலான் எழுதமாட்டார்கள். தடுப்புக் கம்பியைத் தாண்ட முடியாது.